காற்று வெளியேறும் வழி

காரின் பின்பக்கப் பம்பரைக் கழற்றினால், டிக்கியின் ஓரத்தில், சக்கர வளைவுக்குப் பின்னால் உள்ள தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறப்பு தெரியும். அதில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் பொருத்தியிருப்பார்கள். சட்டத்தில் மெல்லிய ரப்பர் இதழ்கள் வரிசையாகத் தொங்கும். மேல் விளிம்பு மட்டும் பிடிப்பில் இருக்கும், கீழ் விளிம்பு ஆடும். உள்ளேயிருந்து விரலால் தொட்டாலே இதழ் வெளிப்பக்கம் விலகிவிடும். வெளியிலிருந்து தள்ளினால் சட்டத்தோடு அழுந்தி மூடிக்கொள்ளும். பத்து வருடம் ஒரே காரை ஓட்டியவர்கள்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். டிங்கரிங் பட்டறைக்காரர்களுக்குத்தான் இதோடு பழக்கம். புழுதி படிந்து கறுத்துக் கிடக்கும் இந்த இதழ்கள் இல்லையென்றால், டேஷ்போர்டில் பளபளவென்று இருக்கும் ஏசி வென்ட்டுகள் வழியாக வெளிக்காற்று உருப்படியாக உள்ளே வராது.

காரணம் எளிது. மூடிய பெட்டிக்குள் காற்றைத் தொடர்ந்து திணிக்க முடியாது. புளோயர் முதலில் கொஞ்சம் காற்றைத் தள்ளும். உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் புளோயரையே எதிர்த்து நிற்கும். ஒரு லிட்டர் உள்ளே வரவேண்டுமானால் ஒரு லிட்டர் வெளியேறியாக வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்தும்போது காது சற்று அடைக்கிறதே, அங்கேயும் இதே கணக்குதான். கதவு உள்ளே தள்ளும் காற்று போக வழி தேடுகிறது. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் அவ்வளவு இறுக்கமாகச் செய்யப்பட்டிருந்ததால், ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால்தான் கதவு சரியாகச் சாத்தும் என்று அதை வைத்திருந்தவர்கள் சொல்வார்கள். இன்றைய கார்களில் கதவு மெத்தென்று மூடுவதற்குப் பின்பக்கத்து ரப்பர் இதழ்களும் ஒரு காரணம்.

ஆகவே காரின் காற்றோட்டத்தை வடிவமைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, காற்று எங்கே வெளியேறும் என்பதைத்தான். அதற்கு விடை சொல்ல, ஓடும் காரைச் சுற்றி என்ன நடக்கிறதென்று தெரிய வேண்டும்.

மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார், எதிர்க்காற்றை முழுவதுமாகத் தடுத்து நிறுத்தும் இடத்தில் சுமார் 460 பாஸ்கல் கூடுதல் அழுத்தம் உண்டாகிறது. ஒரு சதுர மீட்டர் பலகையின் மேல் 47 கிலோ எடையை வைத்ததற்குச் சமம் அது. காரின் மூக்கில் இந்த அழுத்தம் முழுதாகவே இருக்கிறது. பிறகு காற்று பானெட்டின் மேல் வழுக்கிக்கொண்டு வேகமெடுக்கிறது, அழுத்தம் குறைகிறது. அடுத்த நொடியே சாய்ந்து நிற்கும் முன்கண்ணாடியில் மோதித் தயங்குகிறது. பானெட்டும் கண்ணாடியும் சந்திக்கும் அந்தப் பள்ளத்தில் அழுத்தம் மறுபடி ஏறுகிறது. வைப்பர்கள் படுத்திருக்கும் இடம் அதுதான். அங்கே கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு நீளச் சல்லடை இருக்கும். கார் சுவாசிப்பது அதன் வழியாகத்தான். மூக்கிலேயே துளை வைத்திருக்கலாமே என்றால், முன்னால் போகும் லாரியின் புகையும் சாலைப் புழுதியும் அந்த உயரத்தில்தான் அதிகம். தவிர, ரேடியேட்டரின் வெப்பமும் பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணாடியின் அடிவாரம் உயரத்திலும் இருக்கிறது, அழுத்தமும் கொடுக்கிறது.

மழைநீரும் அங்கேதான் வழிந்து வருகிறது என்பது ஒரு தலைவலி. அதனால் சல்லடைக்குக் கீழே ஒரு தொட்டி போன்ற அறை வைக்கிறார்கள். உள்ளே நுழைந்த காற்று அங்கே திரும்ப வேண்டியிருக்கும். காற்று இலேசானது, திரும்பிவிடும். கனமான நீர்த்துளி திரும்ப முடியாமல் கீழே விழுந்து வடிகுழாயில் போய்விடும். வேப்பமரத்தடியில் கார் நிறுத்துகிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்வது நல்லது. பூவும் சருகும் சேர்ந்து அந்த வடிகால் அடைத்துக்கொண்டால், அடுத்த மழையில் முன் இருக்கைக்கு அடியில் தரைவிரிப்பு நனைந்து கிடக்கும்.

கூரையின் முன்விளிம்பிலும் பக்கக் கண்ணாடிகளின் ஓரத்திலும் நிலைமை நேர்மாறு. அங்கே காற்று விரைந்து வளைகிறது, அழுத்தம் வெளிச்சூழலைவிடக் கீழே போகிறது. ஓடும் காரில் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினால் உள்ளே இருக்கும் புகை அந்த இடுக்கை நோக்கி இழுபடுவது இதனால்தான். வாகனத்தின் பின்புறமும் குறைந்த அழுத்தப் பகுதிதான். முன்னால் ஏற்றம், பின்னால் இறக்கம். இரண்டுக்கும் நடுவே மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் அறை. இந்த ஏற்ற இறக்கத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் விசிறியே இல்லாமல் காற்று தானாக ஓடும்.

இதை உணர்ந்து ஒழுங்காகச் செய்ய மோட்டார் உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. தொடக்க காலக் கார்களுக்குக் கூரையே சரியாக இல்லாததால் காற்று ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. மூடிய அறை வந்தபோது குளிரும் புழுக்கமும் கூடவே வந்தன. அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938-இல் ஒரு நல்ல படி எடுத்து வைத்தது. அதுவரை கார் ஹீட்டர்கள் உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சூடாக்கின. நாஷ் வெளிக்காற்றை எடுத்து, வடிகட்டி, சூடாக்கி உள்ளே அனுப்பியது. அறைக்குள் இலேசான மிகை அழுத்தம் நின்றதால் கதவு இடுக்குகளில் குளிர்காற்று புகவில்லை.

மற்ற கார்களுக்கெல்லாம் முன்கதவின் முக்கோணக் கண்ணாடிதான் துணை. அம்பாசடரிலும் பத்மினியிலும் போனவர்களுக்கு அது மறக்காது. அந்தச் சிறு கண்ணாடி நடுவில் ஓர் அச்சில் சுழலும். கொஞ்சமாகத் திறந்தால் பின்விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதன் பின்னால் அழுத்தம் குறைந்து உள்காற்று உறிஞ்சப்படும். இன்னும் தள்ளிக் குறுக்குவாட்டத்தையும் தாண்டித் திருப்பினால் அதே கண்ணாடி வெளிக்காற்றை அள்ளி முகத்தில் கொட்டும். ஒரே சாதனம் உறிஞ்சவும் செய்தது, ஊதவும் செய்தது. மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது. அந்த வடிவமைப்பின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. இரைச்சலும் மழைச் சாரலும்தான் அதன் குறை.

அதற்கு விடை 1964 அக்டோபரில் வந்தது. இங்கிலாந்தின் ஃபோர்டு நிறுவனம் தன் கார்ட்டினா காரைப் புதுப்பித்து 'ஏரோஃப்ளோ' என்ற ஏற்பாட்டை அதில் வைத்தது. டேஷ்போர்டின் இரு முனைகளிலும் கண்விழி மாதிரி எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய வட்டத் துளைகள். பின்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண்களில் காற்று வெளியேறச் சிறு சல்லடைகள். முன்னே அழுத்தம் உள்ள இடத்தில் எடுத்து, பின்னே அழுத்தம் குறைந்த இடத்தில் விடுவது. கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டும் அறையில் புதுக்காற்று ஓடியது. விலை உயர்ந்த வாகனத்தில் வந்த சொகுசல்ல இது, நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிய கார். அடுத்த ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் இதே வழிக்கு வர, உலகம் முழுக்க முக்கோணக் கண்ணாடி மெல்ல மறைந்தது. தூணில் தெரிந்த சல்லடையும் காலப்போக்கில் பம்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பின்புறம் புழுதியை இழுக்கும் இடம் என்பதால் அதற்கு ஒருவழி ரப்பர் இதழ்கள் வந்தன.

வழி கிடைத்த பிறகு, உள்ளே வரும் காற்றை எப்படிச் செலுத்துவது என்பது அடுத்த வேலை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பௌதிகம் வருகிறது.

ஒரு காரின் புளோயர் முழு வேகத்தில் மணிக்கு 300 முதல் 500 கன மீட்டர் காற்றைத் தள்ளும். பயணிகள் அறையின் கொள்ளளவு சுமார் 3 கன மீட்டர்தான். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அறைக் காற்று முழுவதையும் மாற்றக்கூடிய ஓட்டம் இது. இந்தக் காற்று வென்ட்டை விட்டு விநாடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத் துளையை எடுத்துக்கொள்வோம். புறப்பட்ட காற்றுத் தாரை தன் ஓரங்களில் அமைதியாக நிற்கும் அறைக் காற்றை உரசி, சுழிகளாக்கி, தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. துளையின் விட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு தூரம், அதாவது 30 சென்டிமீட்டர் வரை, தாரையின் நடுப்பகுதி வேகம் குறையாமல் தாக்குப்பிடிக்கும். அதன்பின் தூரம் இரட்டித்தால் வேகம் பாதியாகும்.

ஓட்டுநரின் முகம் வென்ட்டிலிருந்து 70, 75 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது வேகம் ஏறக்குறைய பாதி. நம் முகத்தில் வந்து மோதும் காற்றோட்டத்தின் அளவோ, வென்ட்டை விட்டுக் கிளம்பியதைப்போல் மூன்று நான்கு மடங்கு. ஏசி குளிர்வித்த காற்று அதில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் பெரிது. மிச்சமெல்லாம் வழியில் சேர்ந்துகொண்ட அறைக் காற்று. வென்ட் வாயில் கை வைத்தால் 10 டிகிரியில் சில்லென்று அடிப்பது, 30 டிகிரி அறையைத் தாண்டி முகத்துக்கு வரும்போது தாரையின் மையத்திலேயே 20 டிகிரிக்கு மேலே போய்விடுகிறது. இந்தக் கலப்பு நடக்காவிட்டால் முகம் விறைத்துப்போகும். வடிவமைப்பாளர் இந்தக் கலப்பை அளந்து வைத்திருக்கிறார்: துளை பெரிதானால் தாரை தூரம் போகும், சிறிதானால் சீக்கிரம் கலையும்.

அப்படியானால் சின்னத் துளையில் வேகமாக ஊதி ஈடுகட்டலாம் என்று தோன்றும். இரைச்சல் அதற்கு விடாது. காற்று, துடுப்புகளில் மோதி எழுப்பும் ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் ஆறாம் படியில் ஏறுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஒலி ஆற்றல் 64 மடங்கு, அதாவது 18 டெசிபல் கூடும். எஞ்சின் சத்தம் இல்லாத மின்சாரக் கார்களில் இது இன்னும் தெளிவாகக் காதில் விழுகிறது. ஆகவே வென்ட்டுக்குப் பின்னால் உள்ள குழாய் எங்கும் திடீரென்று மடங்காமல், சுருங்காமல் வர வேண்டும். டேஷ்போர்டுக்குள் ஏர்பேக், ஒயரிங், ஸ்பீடோமீட்டர், திரை என்று இடத்துக்கு அடிதடி. அந்த நெரிசலில் காற்றுக் குழாய்க்கு ஒரு கைப்பிடி இடம் கூடுதலாகக் கேட்டு வாங்குவதில் பொறியாளர்களின் பாதி வாழ்க்கை போகிறது என்றே சொல்லலாம்.

வென்ட்டின் வாயில் படுக்கைவாட்டில் சில துடுப்புகள், அதற்குப் பின்னால் நெடுக்குவாட்டில் சில துடுப்புகள், நடுவில் விரலால் நகர்த்த ஒரு சிறு குமிழ். குள்ளமானவர், உயரமானவர், இருக்கையை முன்னுக்கு இழுத்து உட்காருபவர், சாய்ந்து உட்காருபவர் என எல்லார் முகத்துக்கும் தாரை எட்ட வேண்டும். அதே அளவு முக்கியம், வேண்டாதவர் முகத்திலிருந்து அதை முழுக்க விலக்கவும் முடிய வேண்டும். கண் வறண்டு எரிகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வசதிதான் பெரிது.

2017-இல் வந்த டெஸ்லா மாடல் 3 காரில் இந்தத் துடுப்புகள் கண்ணுக்கே தெரியாது. டேஷ்போர்டின் குறுக்கே ஒரு நீண்ட இடுக்கு மட்டும் இருக்கும். முதன்மைத் தாரை படுக்கைவாட்டில் வெளியே வரும், இன்னொரு சிறு தாரை அதைக் கீழிருந்து சந்திக்கும். சிறு தாரையின் பலத்தைக் கூட்டினால் முதன்மைத் தாரை மேல்நோக்கி வளையும், குறைத்தால் தாழும். காற்றைக் காற்றாலேயே திருப்புகிறார்கள். அழகான யோசனை, சந்தேகமில்லை. ஆனால் திசையை மாற்ற ஓட்டுநர் திரையைத் தொட வேண்டியிருக்கிறது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கை தடவித் திருப்பக்கூடிய பழைய குமிழே ஓட்டுநருக்கு நல்லது என்பது என் எண்ணம்.

முன்கண்ணாடிக்கான காற்று வேறு விதமான கலை. தாரை இரு பக்கமும் காற்றை இழுத்துக்கொள்ளும் என்று பார்த்தோம். ஒரு பக்கம் சுவர் இருந்தால்? அந்தப் பக்கம் இழுக்கக் காற்று இல்லாததால் அங்கே அழுத்தம் குறைந்து, தாரையே சுவரை நோக்கிச் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். ருமேனியப் பொறியாளர் ஹென்ரி கோவாண்டா 1930களில் இதைப் பயன்படுத்திக் காப்புரிமை பெற்றார், அவர் பெயராலேயே இது கோவாண்டா விளைவு எனப்படுகிறது. டேஷ்போர்டின் மேல் விளிம்பில் கண்ணாடியை ஒட்டியிருக்கும் மெல்லிய இடுக்கிலிருந்து கிளம்பும் காற்று, பற்றிக்கொண்டு கண்ணாடி உச்சி வரை ஏறுவது இந்த விளைவால்தான். டேஷ்போர்டின் இரு ஓரங்களிலும், கதவுக் கண்ணாடியைப் பார்த்தபடி இன்னும் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். பலர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. பக்கவாட்டு ரியர்வியூ கண்ணாடியைப் பார்க்க ஓட்டுநரின் பார்வை கதவுக் கண்ணாடியின் எந்த மூலையைக் கடந்து போகிறதோ, அந்த மூலையை மட்டும் தெளிவாக வைத்திருக்கத்தான் அவை.

குன்னூர் மலைப்பாதையில் மழையில் ஏறும்போது கண்ணாடி வெள்ளைப் படலமாகிவிடுவது ஏன் என்று ஒரு கணக்குப் போடலாம். ஒரு மனிதரின் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவி வெளியேறுகிறது. 20 டிகிரியில் 3 கன மீட்டர் காற்று மொத்தமாகத் தாங்கக்கூடிய நீராவியே 52 கிராம்தான். நான்கு பேர் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் அந்த அளவு சேர்ந்துவிடும். மிச்சம் குளிர்ந்த கண்ணாடியின் உள்பக்கத்தில்தான் படிய வேண்டும். குளிர்கிறதே என்று பலர் அப்போது ஏசியை அணைத்துவிடுகிறார்கள். ஏசியின் கூலிங் காயில் ஈரத்தைப் பிடித்துக் கீழே சொட்டவிடும் கருவியும்கூட. ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்றைத் திறந்து, கண்ணாடி மேல் ஊதவிட்டால் உலர்ந்த வெதுவெதுப்பான காற்று படலத்தை ஒரு நிமிடத்தில் துடைத்துவிடும்.

சென்னையில் மழைக்காலத்தில் நடப்பது இதற்குத் தலைகீழ். வெளிக்காற்று 24, 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே ஈரத்தை உதறிவிடும் அளவுக்குக் கனத்திருக்கும். அந்த நேரத்தில் ஏசியின் குளிர்காற்று கண்ணாடி மேல் ஊதினால் கண்ணாடி அதற்கும் கீழே குளிர்ந்து, படலம் வெளிப்பக்கத்தில் படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரை ஒருமுறை போட வேண்டும், குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட வேண்டும். படலம் எந்தப் பக்கத்தில் என்று விரலால் தொட்டுப் பார்த்தாலே பரிகாரம் தெரிந்துவிடும்.

குளிர்காற்றை உடம்பில் எங்கே அனுப்புவது என்பதும் பட்டறிவால் வந்த பாடம். அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் 1940 மாடல்களில் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திக் கொடுத்தது. குளிர்விக்கும் காயில் டிக்கியில் இருந்தது, காற்று பின் இருக்கைக்குப் பின்னாலிருந்து வந்தது. பின்னால் உட்கார்ந்தவர்களுக்குப் பிடரியில் குளிர், முன்னால் இருப்பவர்களுக்குப் போதவில்லை. அணைக்க வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கம்ப்ரஸரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். 1954-இல் நாஷ்தான் ஹீட்டரையும் ஏசியையும் ஒரே தொகுப்பாக்கி முன்பக்கத்தில் வைத்தது. இன்றைய எல்லாக் கார்களும் அந்த வழியில்தான் வருகின்றன. வெயிலில் முகமும் நெஞ்சும் குளிர்ந்தால் உடம்பு முழுக்க ஆறுதல் கொள்கிறது, குளிரில் பாதம் சூடானால் போதும் என்கிறது. அதனால் குளிர்காற்றுக்கு மேல் வென்ட், வெப்பக்காற்றுக்குக் காலடி வென்ட். மூன்று வரிசை இருக்கை உள்ள எர்டிகா, இனோவா போன்ற வண்டிகளில் முன்பக்கத் தாரை பின்வரிசைக்கு வருமுன்பே கலைந்து இளைத்துவிடுகிறது. கூரையில் தனி வென்ட் வைப்பது அதனால்தான்.

இந்த ஏற்பாடு முழுவதும் கார் நகர்வதையோ விசிறி சுழல்வதையோ நம்பியிருக்கிறது என்பதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் முன்னும் பின்னும் அழுத்தம் ஒன்றே. திறப்புகள் இருந்தும் காற்று நகராது, ரப்பர் இதழ்கள் மூடிக் கிடக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அந்த ஏற்றத்தில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. 'இதோ வந்துவிடுகிறேன்' என்று குழந்தையை உள்ளே விட்டுப் போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எண்ணும் சொல்லாது.

கடைசியாக, காருக்குள் வளைந்த அம்பு போட்ட அந்தப் பொத்தான். அதை அழுத்தினால் வெளிக்காற்றின் வாசல் மூடி, உள்காற்றே சுற்றிச் சுற்றிக் குளிரும். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டி வெந்த காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு இதைப் போட்டால் சீக்கிரம் குளிரும். புகை கக்கும் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டாலும் இது வேண்டும். ஆனால் அப்படியே மறந்துவிடக் கூடாது. ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். நான்கு பேர் கால் மணி நேரத்தில் 20 லிட்டர். அறைக் காற்று மொத்தமே 3,000 லிட்டர். கசிவே இல்லையென்றால் பத்து லட்சத்தில் 420 பங்கு என்று தொடங்கியது 7,000-ஐத் தொட்டுவிடும். கதவு இடுக்குகளில் காற்று கசிவதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே ஏறும் என்றாலும், ஆயிரங்களில்தான் நிற்கும். தலை கனக்கும், கொட்டாவி வரும். இரவில் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு போகிறவர், பின் இருக்கையில் எல்லோரும் தூங்கிவிட்ட பிறகு, அரை மணிக்கு ஒருமுறையாவது அந்தப் பொத்தானை விடுவித்து ஐந்து நிமிடம் வெளிக்காற்றை ஓடவிட வேண்டும். சில புதிய கார்கள் இதைத் தாமாகவே செய்கின்றன.